பொம்மையோடு ஆளும் வேண்டும்

நிவாரண முகாம்களில் அரிசி, பாயோடு பொம்மைப் பெட்டியும் கொடுக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, கொடுக்கட்டும். ஆனால் கூட உட்கார்ந்து விளையாட ஆள் வேண்டாமா? 2017இல் மியான்மரிலிருந்து ரோஹிங்கியா முஸ்லிம்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல் தப்பி வந்த வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், பிராக் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் குழந்தைகள் விளையாட்டு மையங்களைப் பாருங்கள். பிள்ளைகளோடு விளையாடுவது அதே ரோஹிங்கியா சமூகத்து இளம்பெண்கள்தான். ‘காபியா’ என்கிற தங்கள் ஊர் எதுகைப் பாட்டுகளைக் கைதட்டி, உடம்பை ஆட்டிப் பாடுகிறார்கள். பிள்ளைகள் கூடவே பாடுகிறார்கள். வெளியிலிருந்து வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முதல் நாளே இது நடக்காது. ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியைத் தயாரிக்கும் செசமி வொர்க்‌ஷாப் 2020இல் உருவாக்கிய நூர், அஜீஸ் என்ற ஆறு வயது இரட்டையர் பொம்மைகளும் ரோஹிங்கியா மொழிதான் பேசுகின்றன.

அப்புறம், கட்டுரை தொடாத ஒன்று. தப்பித்து வந்த பிள்ளைகள் ஓடி ஒளிவதையும் வீடு எரிவதையுமே திரும்பத் திரும்ப விளையாடலாம். பெரியவர்கள் உடனே “வாயைக் கழுவு” என்று அதட்டிவிடுகிறோம். பார்த்த பயத்தை அந்த வயதில் வேறு எப்படித்தான் சொல்லும்? பக்கத்தில் உட்கார்ந்து, “அப்புறம் யார் வந்து காப்பாற்றினார்கள்?” என்று கேட்டாலே விளையாட்டு வேறு பக்கம் திரும்பலாம்.