உங்கள் சராசரியில் எங்கள் கிணறு இல்லை

கூட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் மட்டத்தைப் பற்றிக் கேட்ட ஒரு பெரியவரைப் பார்த்து அரங்கமே சிரிக்கிற அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். நேற்றிலிருந்து என் இன்பாக்ஸில் அதையே மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள், போதும், பார்த்துவிட்டேன். சிரிக்கிற எமோஜி வைத்து அனுப்பியவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

"எங்க ஊர்ல நீங்க போட்ட ஆய்வுக் கிணத்த கடைசியா எப்பங்கய்யா அளந்தீங்க, தண்ணி எத்தன அடியில கெடக்கு?" அந்தப் பெரியவர் கேட்டது இவ்வளவுதான். ஆய்வுக் கிணறு என்றால் நிலத்தடி நீர் மட்டத்தை அளந்து பார்ப்பதற்கான கிணறு. மேடையிலிருந்து வந்த பதில்: "மாவட்ட சராசரி போன வருஷத்த விட நல்லா இருக்கு பெரியவரே, கவலப்படாதீங்க." உடனே அரங்கில் சிரிப்பு. எதற்குச் சிரித்தார்கள் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவர் கேட்டது ஒரு கிணற்றை. இவர் சொன்னது மாவட்டத்தை. இதில் தமாஷ் எங்கே வந்தது?

சரி, சராசரிக்கே வருவோம். எங்கள் மதுரை மாவட்டத்தில் சோழவந்தான் பக்கம் வாய்க்கால் ஓரத்துக் கிணற்றில் 10 அடியில் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் 90 அடிக்குக் கீழே போய்விட்டது என்று வையுங்கள். கூட்டி இரண்டால் வகுத்தால் 50. அந்த 50 அடியில் தண்ணீர் நிற்கிற கிணறு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை, அறிக்கையில் மட்டும் இருக்கிறது. நாங்கள் மோட்டாரை அறிக்கைக்குள் இறக்க முடியாது.

மாவட்டத்தில் பெரும்பகுதி கடினப் பாறை. சார்னோகைட், நைஸ் என்று பெயர் சொல்வார்கள். ஆற்றுப் படுகை மணலில் நிற்கிற மாதிரி தண்ணீர் இதில் ஒரே மட்டமாகப் பரவி நிற்காது, பாறையில் வெடிப்பு எங்கே ஓடுகிறதோ அங்கே மட்டும்தான் இருக்கும். அதனால்தான் ஒருத்தர் தோட்டத்தில் போர் போட்டால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டால் புகைதான் வருகிறது. ரிக் வண்டிக்காரருக்கு இது தெரியும். தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கத் தோட்டத்தைச் சுற்றி வருகிறவருக்கும் ஒருவகையில் தெரியும். மைக் பிடித்தவருக்குத்தான் மாவட்டம் முழுக்க ஒரே கிணறாகத் தெரிகிறது.

"அளக்கவே இல்லை என்று எப்படிச் சொல்லலாம்" என்று ஒரு தம்பி வீடியோவுக்குக் கீழே கமெண்டில் கொதித்திருந்தார். தம்பி, அப்படி யாருமே சொல்லவில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்துக்கு 4 தடவை அளக்கிறது, மாநிலத் துறையும் தன் ஆய்வுக் கிணறுகளை அளக்கிறது, பிர்கா (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த வட்டாரம்) வாரியாக 'பாதுகாப்பானது' என்பதில் தொடங்கி 'அதிகமாக உறிஞ்சப்பட்டது' வரைக்கும் வகை பிரித்து அறிக்கை போடுகிறார்கள். ஊறுகிற கணக்கில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பு, 100-ஐத் தாண்டினால் அதிகமாக உறிஞ்சப்பட்டது. நல்ல வேலை. வெயிலில் வண்டியை ஓட்டிவந்து கிணற்றுக்குள் டேப்பை இறக்கிப் பார்க்கிற அந்த ஊழியர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அளந்த எண் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. எங்கள் ஊர்க் கிணற்றில் எடுத்த எண் எங்களைத் தவிர எல்லாரிடமும் இருக்கிறது.

அணைக்கு மட்டும் எப்படித் தினமும் காலையில் எண் வருகிறது? முல்லைப் பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, வரத்து, திறப்பு, இருப்பு, அத்தனையும் பேப்பரில் ஓரத்துக் கட்டத்தில் வந்துவிடுகிறது. டீக்கடையில் அரசியல் செய்தியைத் தாண்டி நேராக அந்தக் கட்டத்துக்குப் போகிற ஆட்களை எனக்குத் தெரியும். தேக்கடிப் பக்கம் மழை என்றால் இங்கே மேலூரில் முகம் மலரும். ஒருபோக சாகுபடிக்குத் தண்ணீர் விடுவார்களா மாட்டார்களா என்பது இரண்டு அணையின் இருப்பையும் கூட்டிப் பார்த்து முடிவாகிற விஷயம், அதனால் வீட்டுக்கு வீடு அந்தக் கூட்டல் நடக்கும்.

அடிக்கணக்கின் அருமை இந்த ஊருக்கா தெரியாது? பெரியாறு அணையில் 136 அடியா 142 அடியா என்ற 6 அடிக்காக எத்தனை வருடம் கோர்ட் படி ஏறினோம்! 1979-ல் இறக்கிய மட்டம், 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்த நவம்பரில் மறுபடி 142-ஐத் தொட்டது. அன்றைக்கு இங்கே வெடி வெடித்தவர்கள் பைத்தியக்காரர்களா? உசிலம்பட்டிக்காரர்களைக் கேளுங்கள், வைகையில் 67 அடி வந்தால்தான் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் ஏறும், 66 அடியில் நின்றுவிட்டால் அவர்கள் மடை காய்ந்தபடியே கிடக்கும். அதே 66-தான் ஆற்றோரக்காரர்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அரை அடிக்கு ஒரு சங்கு ஊதுகிற ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு "எத்தன அடி?" என்று கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

அணை எண்ணையும் சும்மா விழுங்கிவிடக் கூடாது, அது தனிக் கதை. 71 அடி வைகை அணையில் 35 அடி இருந்தால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று போன வருடம் ஒரு பெரிய மனிதர் பதிவு போட்டார். அணை கீழே குறுகி மேலே விரிந்து கிடக்கிறது, பாதி உயரத்தில் பாதிக்கு ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும், அதிலும் அடியில் வண்டல். ஆற்றில் 'இத்தனை கனஅடி' என்று சொல்கிறார்களே, அதைக்கூடத் தினமும் நேராக அளப்பது கிடையாது. மட்டத்தைப் பார்ப்பார்கள், இந்த மட்டத்துக்கு இத்தனை கனஅடி என்று முன்பே வேகம் அளந்து போட்டுவைத்த அட்டவணையில் எண்ணை எடுப்பார்கள். மணலை அள்ளி அள்ளி ஆற்றின் அடியே இறங்கிப்போனால் அந்த அட்டவணையை மறுபடி போட வேண்டும். போடாவிட்டால் ஆறு ஒன்று சொல்லும், காகிதம் ஒன்று சொல்லும். ஆகவே எண் வந்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்து எண், எந்தத் தேதி எண் என்று கேட்கிறேன். பெரியவர் கேட்டதும் அதே கேள்விதான்.

சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன், இனி முடியாது. அவர் எனக்குப் பெரியப்பா. என் அம்மாவின் அக்காவைக் கட்டியவர். கூட்டத்துக்கு என்று தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பழைய டைரியோடு போனார். வீடியோவில் டைரி தெரியாது, அதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டார்கள். அதில் அவர் தோட்டத்துக் கிணற்றின் படிக்கணக்கு இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகளில் சுவரிலேயே கல் நீட்டிப் படி வைத்திருப்பார்கள். சித்திரையில் தண்ணீர் எத்தனையாவது படியில், ஐப்பசியில் எத்தனையாவது படியில் என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். படி முடிந்து, கிணற்றுக்குள்ளேயே போர் இறக்கின பிறகு, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினால் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது என்று எழுதியிருக்கிறார். எழுதச் சொல்லி யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பத்தா ஊர்ப் பொதுக்கிணற்றில் இறைக்கிற கயிற்றில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கும். முடிச்சு உருளையைத் தாண்டி உள்ளே இறங்கினால் அன்றைக்கு ஊருக்குள் சேதி போய்விடும், இனிமேல் துணி துவைக்கக் கண்மாய்க்குப் போங்கள் என்று. அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கிணற்றின் எண் கிணற்றடியில் இருந்தது, யாரும் தலைநகரத்துக்கு மனு எழுதவில்லை.

"எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது, பார்க்கத் தெரியாதது உங்கள் தப்பு." இந்தக் கமெண்டுக்கு எத்தனை லைக்! பார்த்தேன் சார். நான் படித்தவன், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன், எனக்கே ஒரு ராத்திரி ஆனது. ஊர்ப் பெயருக்குப் பதில் கிணற்று எண், ஆழம் மீட்டரில், கடைசித் தேதி எங்கேயோ பின்னால். பட்டன் போன் வைத்திருக்கிற பெரியப்பா இதைத் தேடி எடுத்து, மீட்டரை அடியாக்கி, அப்புறம் நிலக்கடலை போடலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டுமாம். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை, ஒரு சாக்பீஸ். இதைத்தான் கேட்கிறோம். ராக்கெட் கேட்கவில்லை.

"ஊர் ஊருக்கு அளக்க ஆள் போட முடியுமா, காசுக்கு எங்கே போவது?" பால் சொசைட்டிக்குப் போயிருக்கிறீர்களா? விடிவதற்கு முன்னால் ஒவ்வொருத்தர் கேனிலிருந்தும் பால் எடுத்து, கொழுப்பு எவ்வளவு, கெட்டி எவ்வளவு என்று பார்த்து அவரவருக்குச் சீட்டுக் கொடுக்கிறார்கள். ஊரின் சராசரிக் கொழுப்பு நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே என்று எந்த மாட்டுக்காரரையும் திருப்பி அனுப்புவதில்லை. அனுப்பினால் கேன் பறக்கும். பாலுக்கு முடிகிறது, தண்ணீருக்கு முடியாதா? ஒன்றுபட்ட ஆந்திராவாக இருந்தபோது அங்கே 7 வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே கிணறு அளந்து, மழை அளந்து, ஊர் கூடித் தண்ணீர் வரவு செலவு போட்டு, அதற்குத் தக்கபடி பயிர் மாற்றியிருக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு அதற்குத் துணை நின்றது. அவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் இல்லை, நம்மைப் போலவே கடலையும் நெல்லும் போடுகிறவர்கள்.

"போர் போட்டு உறிஞ்சுவதே நீங்கள்தானே, இலவச கரண்ட் வேறு." இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆமாம், உறிஞ்சுகிறோம். எங்கள் ஊருக்குப் பெரியாறு கால்வாய் வராது, கண்மாய்க்கு வருகிற வரத்துக்கால் பாதி தூர்ந்து கிடக்கிறது, வேறு எங்கே போவது? நீங்கள் குடியிருக்கிற அபார்ட்மென்டுக்குத் தினமும் லாரி வருகிறதே, அது எந்தத் தோட்டத்தில் நிரப்பிக்கொண்டு வருகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? எங்கள் போரை எண்ணுகிற நீங்கள் உங்கள் மாடியில் நிற்கிற டேங்கையும் எண்ணுங்கள். கோபமாகப் பேசுகிறேன் என்பீர்கள். கோபம்தான்.

மதுரை நகரத்துக்காரர்களுக்கும் இது சம்பந்தமில்லாத விஷயம் இல்லை. 2024 அக்டோபரில் செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, கண்மாயில் முந்தின நாள் எவ்வளவு நின்றது என்று அந்தத் தெருக்களில் யாருக்காவது தெரிந்திருந்ததா? உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் இன்று உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. அளவுகோல் நட்டு மட்டம் பார்த்த கண்மாயில் கட்டடம் கட்டுவது அவ்வளவு லேசாக நடந்திருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம், தப்பாகவும் இருக்கலாம், ஆனால் எண்ணம் போக மாட்டேன் என்கிறது.

யாரோ வழக்கம்போல 'தெர்மாகோல்' என்று ஒரே வார்த்தை போட்டிருந்தார். 2017-ல் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க என்று வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள், காற்று கரையில் ஒதுக்கிவிட்டது, ஊரே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், வெயிலில் அணைத் தண்ணீர் ஆவியாகிறது என்ற கவலை நியாயமான கவலை. வழிதான் கோமாளித்தனம். பெரியப்பாவின் கேள்வியில் கோமாளித்தனம் எதுவும் இல்லை, இருந்தும் அதே சிரிப்பு. நமக்குச் சிரிப்பதற்குத் தண்ணீர் என்ற சப்ஜெக்ட் போதும் போலிருக்கிறது.

'அரசியல் பண்ணாதே' என்று எழுதிய மாமாவுக்கு (உண்மையிலேயே மாமா முறைதான், அதனால் பிளாக் பண்ண முடியவில்லை): நீங்கள் ஊரை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. திருவிழாவுக்கு வருகிறீர்கள், கிணற்றடியில் நின்று செல்ஃபி எடுக்கிறீர்கள், அது எந்தக் கிணறு தெரியுமா? பெரியப்பா டைரியில் இருக்கிற கிணறு. அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்களாவது முகம் தெரியாதவர்கள். பெரியப்பா வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர் நீங்கள், வீடியோவை ஃபேமிலி குரூப்பில் போட்டு "பெருசு அசிங்கப்பட்டுருச்சு" என்று எழுதலாமா? பெரியம்மா அந்த குரூப்பில் இருக்கிறது. படிக்கத் தெரியும் அதற்கு.

இனி யாரிடமும் கேட்டுக்கொண்டிருப்பதாக இல்லை. ஊர்க் கண்மாயின் பெரிய மடைச் சுவரில் அடிக்கணக்கைக் குறித்துக் கோடு போடப் போகிறோம், இரண்டு திறந்த கிணற்றிலும் அப்படியே. பஞ்சாயத்துச் சுவரில் பலகை மாட்ட வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மாற்றிப் பேசாமல் இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிப்போட ரெடி, சாக்பீஸ் சண்டை இப்போதே ஆரம்பித்துவிட்டது. எனாமல் பெயின்ட் வெள்ளையும் கறுப்பும் வேண்டும், நீளமான மீட்டர் டேப் ஒன்றும் வேண்டும். மேலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற நண்பர்கள் யாராவது மலிவாகக் கொடுப்பீர்கள் என்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். சராசரி பற்றிப் பாடம் எடுக்க வருகிறவர்கள் வர வேண்டாம்.