"ஹிஸ்டரிய கொஞ்சம் க்ளீன் பண்ணிட்டேன் ப்ரோ"

காலைல எழுந்ததும், கோட்ல யாரு என்ன மாத்துனாங்கன்னு கணக்கு வெச்சுக்குற கிட்ல, சர்வர்ல புதுசா என்ன இருக்குன்னு எடுக்க ஃபெட்ச் போட்டேன், போட்டிருக்கவே கூடாது. "ஃபோர்ஸ்டு அப்டேட்"னு வந்து நிக்குது, அதாவது யாரோ பழைய ஹிஸ்டரிய மாத்தி மேல எழுதிட்டாங்க. அதுவும் எதுல, மூணு பேர் சேர்ந்து பார்க்குற டெபியன் லினக்ஸ் பேக்கேஜோட மெயின் பிராஞ்ச்ல! கூட வேலை பாக்குறவர்கிட்ட கேட்டா, "ஹிஸ்டரி அசிங்கமா இருந்துச்சு ப்ரோ, ரீபேஸ் பண்ணி க்ளீன் பண்ணிட்டேன்"ங்கிறாரு. யாருய்யா கேட்டா? ஹிஸ்டரி என்ன அலமாரியா, தூசி தட்டி அடுக்கி வைக்க?

ரீபேஸ்னா கமிட்ட, அதாவது பதிஞ்சு வெச்ச மாத்தத்த எல்லாம், திரும்ப புதுசா எழுதுறது. சும்மா அத போட்டா, ரெண்டு பிராஞ்ச்ச சேர்க்குற மெர்ஜ் கமிட்ட எல்லாம் தூக்கிக் கடாசிட்டு ஒரே கோடா நீட்டி விட்டுடும், இது தெரியாமயா இத்தன வருஷம் பேக்கேஜிங் பண்றாரு. அப்ஸ்ட்ரீம், அதாவது சாஃப்ட்வேர எழுதுற ஒரிஜினல் ஆளுங்களோட கோட, இம்போர்ட் பண்ண மெர்ஜ் ஒண்ணு கூட இல்ல. அப்ஸ்ட்ரீம் பிராஞ்ச்ல இருக்குற அதே கமிட், இங்க புது ஹாஷ் (கமிட்டோட அடையாள நம்பர்) போட்டுக்கிட்டு யாரோ மாதிரி உட்கார்ந்திருக்கு. ஒவ்வொரு ரிலீஸுக்கும் அடையாளமா குத்தி வெச்ச டேக் எல்லாம் பழைய கமிட்டப் பிடிச்சுக்கிட்டு அநாதையா தொங்குது.

இதெல்லாம் கூட போகட்டும். நடுவுல, எந்தெந்த பேட்ச (கோட்ல நாங்க போடுற திருத்தம்) பில்டுல சேர்க்கணும்னு லிஸ்ட் போட்டிருக்குற சீரீஸ் ஃபைல்ல, ரெண்டு மாத்தம் மோதி கான்ஃப்ளிக்ட் வந்திருக்கு, அவரா குத்துமதிப்பா ரிசால்வ் பண்ணிருக்காரு. பேட்ச் ஃபைல் பேட்சஸ் ஃபோல்டர்ல பத்திரமா இருக்கு, சீரீஸ்ல மட்டும் அந்த ஒத்த வரி இல்ல. எர்ரர் கிடையாது, வார்னிங் கிடையாது, பில்டு ஜம்முனு பாஸ் ஆகுது, ரெண்டு ராத்திரி கண்ணு முழிச்சு நான் சரி பண்ண பக் மட்டும் பழையபடி வந்து சிரிக்குது. சரி, யாரு இந்த வரியத் தின்னதுன்னு லாக் போட்டுப் பார்த்தா, ஆத்தர்: நான்! ரீபேஸ் பண்ணா கமிட்டர், அதாவது கடைசியா பதிஞ்சவர், பேரு தானே மாறும், முதல்ல எழுதுன ஆத்தர் பேரு அப்படியே இருக்கும்ல, லாக்கும் ஆத்தர் பேர மட்டும் தான காட்டும். சொதப்பினது அவரு, கையெழுத்து என்னோடது.

இதுக்குள்ள மூணாவது ஆளு, என்ன ஏதுன்னு பார்க்காம புல் அடிச்சு, பழசையும் புதுசையும் மெர்ஜ் பண்ணி, அத சர்வருக்கு புஷ்ஷும் பண்ணிட்டாரு. இப்ப லாக்ல எல்லா கமிட்டும் ரெண்டு ரெண்டா ஜோடி போட்டு நிக்குது. க்ளீன் பண்ணாராம், க்ளீன்!

நல்லவேளை, என் மெஷின்ல பிராஞ்ச் முன்னாடி எங்கெங்க இருந்துச்சுன்னு கிட் குறிச்சு வெக்கிற ரிஃப்ளாக்ல பழைய ஹாஷ் கிடந்துச்சு. அத எடுத்து, ரெண்டு பேருக்கும் சொல்ற பொறுமை கூட இல்லாம, நானே ஃபோர்ஸ் புஷ் போட்டு, சர்வர்ல இருந்தத மாத்தி எழுதிட்டேன். அஞ்சே நிமிஷத்துல அந்த ரீபேஸ் பண்ணவர்கிட்ட இருந்து மெசேஜ்: "ப்ரோ, ஹிஸ்டரிய மாத்துனா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

சிரிப்பு தான் வந்துச்சு. சரின்னு பேக்கேஜ்ல என்னென்ன மாத்துனோம்னு எழுதி வெக்கிற சேஞ்ச்லாக்ல புது என்ட்ரி எழுதி பில்டு போட்டா, கடைசி வரி ஃபார்மட் தப்பாம். மெயில் ஐடிக்கும் தேதிக்கும் நடுவுல ரெண்டு ஸ்பேஸ் விடணும், நான் ஒண்ணு தான் விட்டேனாம். ஏன்யா ரெண்டு? ஒண்ணு விட்டா குடியா முழுகிடும்?