பெற்றோர் படிவம் மட்டும் போதாது

‘நாட்பட்ட நோயுள்ள பிள்ளையின் வாழ்க்கைத் தரத்தை அறியத் தாயிடம் கேட்டாலே போதும், பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது’ என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வார்னி உருவாக்கிய, பிள்ளையின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு நலமாக இருக்கிறது என்பதை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் பெட்ஸ்-க்யூ-எல் (PedsQL) வினாப்படிவத்தில் உடல், மனம், தோழமை, பள்ளி என நான்கு பிரிவுகளில் 23 வினாக்கள் உள்ளன. 5 வயதிலிருந்தே பிள்ளை தானே பதிலளிக்க அதில் தனிப் படிவம் உண்டு. 5 முதல் 7 வயதினருக்கு வினாவைப் படித்துக்காட்டினால், சிரித்த முகம் முதல் வாடிய முகம் வரையுள்ள மூன்று படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிடுவார்கள்.

அதிலேயே பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் நிரப்பும் படிவமும் வீணன்று. 2 முதல் 4 வயது வரை அது ஒன்றே வழி. ஆனால் ஓடுவது, நடப்பது போன்று கண்ணுக்குத் தெரிபவற்றில் ஓரளவு ஒத்துப்போகும் பெற்றோர், பிள்ளை இருவர் பதிலும் அச்சம், வருத்தம் என்று வரும்போது விலகுவதையும், நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் பிள்ளையைவிடக் குறைத்தே மதிப்பிடுவதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. காரைக்குடிப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில், முதல் வகை நீரிழிவுள்ள சிறுமியின் தாய்க்கு இலையில் விழும் இனிப்பான கந்தரப்பத்தின் மேல்தான் கவலை. சிறுமிக்கோ, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள எல்லோர் முன்னும் எழுந்து போவதே பெருஞ்சங்கடம். இரு படிவங்களையும் தனித்தனியே நிரப்பச் சொல்வதும், அருகில் நிற்கும் ஆச்சி பதில் எடுத்துக்கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அதனால்தான்.