கைமாற்றா, பொதுச்சீட்டா?

2022-இல் டாலர் இல்லாமல் இலங்கை தவித்தபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அதன் அருமையைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். ஆனால் அந்த உதவி எந்த வடிவத்தில் போனது என்று பிரித்துப் பார்க்காமல், அண்டை நாடுகளுக்குள் சமத்துவம் என்று பேசிப் பயனில்லை.

ஜனவரியில் 40 கோடி டாலர் ஸ்வாப், அதாவது நாணயப் பரிமாற்றக் கடன். பிப்ரவரியில் எரிபொருளுக்கு 50 கோடி, மார்ச்சில் உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி. பின்னவை இரண்டும் கடன் வரம்புகள். பணம் கொழும்புக்கு வராது, இந்தியாவில் சரக்கு விற்றவருக்கே போய்ச் சேரும். உறுப்பு நாடுகள் தங்களுக்குள் வணிகப் பாக்கியை நேர்செய்துகொள்ளும் ஆசியத் தீர்ப்பனவு ஒன்றியத்தில் இலங்கை கட்டவேண்டிய தொகையும் தள்ளிவைக்கப்பட்டது. அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு நேர்செய்வார்கள். தள்ளிவைத்த பாக்கி மறைவதில்லை, அடுத்த பாக்கியின்மேல் ஏறி உட்காரும்.

ஸ்வாப் என்பது மத்திய வங்கிகளுக்கு இடையிலான கைமாற்று. வாங்கும் நாடு தன் நாணயத்தை ரிசர்வ் வங்கியின் பேரில் வைத்து டாலர் எடுக்கும். கெடு முடிந்ததும் அதே மாற்று விகிதத்தில் திருப்பி, வட்டியும் தரும். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் ஸ்வாப் ஏற்பாட்டில் கெடு மூன்று மாதம். இரண்டு முறை நீட்டிக்கலாம், இரண்டாவது முறை வட்டி அரை விழுக்காடு கூடும். ஆக ஒன்பது மாதம். ஏற்றுமதிப் பணம் வரத் தாமதமாகும் நாட்டுக்கு இது போதும். கடனையே அடைக்க முடியாத நாட்டுக்குப் போதாது: இலங்கைக்கான பன்னாட்டு நாணய நிதியக் கடன் ஒப்புதலானதே 2023 மார்ச்சில்தான்.

சீனா தந்த ஸ்வாப் இன்னும் மோசமான பாடம். 1,000 கோடி யுவான், சுமார் 150 கோடி டாலர், இலங்கையின் கையிருப்புக் கணக்கில் ஏறியது. ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொட முடியும் என்பது நிபந்தனை. ஏட்டில் பணம் இருந்தது, பெட்ரோல் கப்பலுக்குக் கட்ட முடியவில்லை. 2022 மே மாதம் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் சொன்ன கணக்குப்படி, உண்மையில் செலவழிக்கக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் கீழே.

இந்த எல்லா ஏற்பாட்டிலும் ஒருவர் கொடுப்பவர், ஒருவர் கேட்பவர். என் குறை அதுதான்.

தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் 2010-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சியாங் மாய் பொது ஏற்பாட்டைப் பாருங்கள். டாலர் தட்டுப்பாடு வந்தால் எடுத்துக்கொள்ள எல்லோரும் பங்கு ஒப்புக்கொண்ட பொதுச்சீட்டு அது. மொத்தம் 24,000 கோடி டாலர் உறுதிமொழி. ஜப்பானின் பங்கு 7,680 கோடி, எடுக்கக்கூடியது அதில் பாதி. கம்போடியாவின் பங்கு 24 கோடி, எடுக்கக்கூடியது ஐந்து மடங்கு, அதாவது 120 கோடி. ஆசியானின் பங்களிப்பு 20 விழுக்காடு, வாக்கு 28.41 விழுக்காடு, சீனாவுக்கும் ஜப்பானுக்கும் தனித்தனியே அதே 28.41. கடன் கொடுக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். எனவே எந்தப் பெரிய நாடும் தனியாகத் தடுக்க முடியாது. சீனாவும் ஜப்பானும் கைகோத்தாலும் அவை மட்டுமே நிறைவேற்றிவிட முடியாது. எழுத்தில் இருக்கும் சமத்துவம் என்றால் எனக்கு இதுதான்.

அதிலும் ஓட்டை உண்டு. ஒரு நாட்டின் ஒதுக்கீட்டில் 40 விழுக்காட்டை மட்டுமே நாணய நிதியத்தின் திட்டம் இல்லாமல் எடுக்கலாம். 1997 ஆசிய நிதி நெருக்கடியின் காயம் ஆறாத நாடுகள் நிதியத்தின் படியேறத் தயங்குகின்றன. இதுவரை ஒரு டாலர்கூட எடுக்கப்படவில்லை.

நம் பக்கத்தில் சார்க் உச்சி மாநாடு 2014-இல் காத்மாண்டுவோடு நின்றுவிட்டது. ஆனால் மத்திய வங்கி ஆளுநர்களுக்கான சார்க்ஃபைனான்ஸ் அமைப்பு 1998 முதல் இருக்கிறது. ஸ்வாப் கெடுவை ஒன்பது மாதத்திலிருந்து இரண்டாண்டாக்கவும், பூட்டானும் மாலத்தீவும் சிறு பங்கு போட்டு வாக்கோடு உட்காரவும் வரைவு எழுதும் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.