மூளைக்கு ஒயர் இழுக்கும் முன் கேட்க வேண்டியது

சில வருடங்களுக்கு முன் மகளைச் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். அப்போது அவள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பொறியியல் துறை கதவைத் திறந்துவிடும் நாள் அது. ஒரு மேசையில் அவள் முன்னங்கையில், தசையின் மின்சைகையைப் பிடிக்கும் மூன்று மின்முனைகளை ஒட்டி, முஷ்டியை மடக்கச் சொன்னார்கள். ஓட்டு வீட்டின் மேல் பெருமழை விழுவதுபோல ஸ்பீக்கரில் சடசடவென்று சத்தம். மேசையில் கிடந்த பிளாஸ்டிக் இடுக்கி 'டக்' என்று மூடிக்கொண்டது. விரலை விரித்தாள், திறந்தது. ஏழெட்டு முறை செய்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இப்போ இதுவும் என் கைதானா?"

அங்கிருந்த ஆராய்ச்சி மாணவி சிரிக்கவில்லை. "எங்கள் லேபிலும் இதே கேள்வியைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்" என்றார்.

அது உண்மைதான். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.), சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுடன் சேர்ந்து 2011-ல் இங்கே நரம்புப் பொறியியல் மையம் ஒன்று தொடங்கியது; மூளையோடும் நரம்புகளோடும் கருவிகளை இணைப்பதுதான் அதன் வேலை. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இதில் பழைய வேர் உண்டு. 1969-லேயே இங்கிருந்த ஆய்வாளர் எபர்ஹார்ட் ஃபெட்ஸ் ஒரு குரங்கின் மூளையில் ஒற்றை நரம்பணுவை மீட்டர் முள்ளோடு இணைத்தார். நரம்பணு வேகமாகத் துடித்தால் முள் நகரும், குரங்குக்குத் தீனி கிடைக்கும். தன் மூளையின் ஒரே ஒரு அணுவை வேண்டும்போது முடுக்கிவிட அந்தக் குரங்கு கற்றுக்கொண்டது. மூளையைக் கருவியோடு இணைக்கும் இன்றைய மூளை இடைமுகங்களுக்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது என்பேன்.

2013 ஆகஸ்டில் இதே பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜேஷ் ராவ் தலையில் மின்முனைத் தொப்பி அணிந்து, வீடியோ கேமில் பீரங்கியைச் சுட வேண்டிய நேரத்தில் வலக்கையை அசைப்பதாக மனதில் நினைத்தார். வளாகத்தின் இன்னொரு மூலையில் அமர்ந்திருந்த சக ஆய்வாளர் ஆண்ட்ரியா ஸ்டோக்கோவின் விரல், தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருள் அவர் மூளையைத் தூண்டியதால், விசையை அழுத்தியது. சரி, அது யாருடைய செயல்? நினைத்தவருடையதா, விரலுக்குச் சொந்தக்காரருடையதா?

என்னைப் பொறுத்தவரை இந்த மையம் செய்த பெரிய காரியம் இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளாததுதான். சாரா கோரிங் தத்துவப் பேராசிரியர். எரன் க்ளைன் நரம்பியல் மருத்துவர், தத்துவமும் படித்தவர். இவர்களும் இவர்கள் குழுவினரும் பொறியாளர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். கருவியைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். கருவி முடிந்தபிறகு கையெழுத்துக்கு வரும் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு மாதிரி இல்லை இது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஆர்கஸ் 2 கதையைச் சொல்வேன். பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் 60 மின்முனைகள் பதிக்கும் கருவி. உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டவர்கள் பதித்துக்கொண்டார்கள். தயாரித்த நிறுவனம் பண நெருக்கடியில் அதைக் கைவிட்டது. கண்ணுக்குள் இருப்பது பழுதானால் சரிசெய்ய ஆள் இல்லாமல் போனது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்பி உடம்பையே கொடுத்தவர்கள் அவர்கள்.

இதே மையத்தின் செட் மோரிட்ஸ் வேறு வழியில் போனார். அறுவை சிகிச்சை இல்லை, கழுத்தின் தோலில் மின்முனைகளை ஒட்டித் தண்டுவடத்தைத் தூண்டுவது, கூடவே கைப்பயிற்சி. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்ட 60 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2024-ல் வெளிவந்தது. 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் செயல்பாடும் கூடியிருந்தன. அடிபட்டுப் பல வருடங்கள் ஆனவர்களும் அதில் இருந்தார்கள். பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

இப்படிப்பட்ட மையங்களுக்கு அரசு பத்து வருடம் வரைதான் பணம் தரும். அப்புறம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். அப்போது முதலில் கைவைக்கப்படுவது பள்ளிப் பிள்ளைகளுக்கான மேசையும் தத்துவக்காரர்களின் நாற்காலியும்தான் என்பது என் பயம். இரண்டும் அலங்காரம் இல்லை, ஆராய்ச்சியின் பாகம்தான்.

சியாட்டில் பக்கம் இருக்கும் நண்பர்களே, அந்தத் திறந்த நாளுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். கையில் மின்முனை ஒட்டிக்கொள்ளட்டும், அந்தச் சத்தத்தைக் கேட்கட்டும். நீங்கள் மேசைக்கு மேசை ஒன்றை மட்டும் கேளுங்கள்: "ஆராய்ச்சி முடிந்தபிறகு இந்தக் கருவியை யார் பார்த்துக்கொள்வார்கள்?"