சக்தி வேண்டுமென்றால் முதலில் நிற்கப் பழகுங்கள்

இந்த வாரமும் ஒரு விளம்பரம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றுகிறது. ஹோட்டலில் இரண்டு நாள் சீகோங் வகுப்பாம். முடித்துவிட்டு வெளியே வந்தால் உள்ளங்கையிலிருந்து 'சீ' என்று சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி பாயுமாம், சர்க்கரை இறங்குமாம், மூட்டுவலி ஓடிவிடுமாம். போகலாமா என்று சொந்தக்காரர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடம்பையும் மூச்சையும் சேர்த்துப் பழக்கும் சீனப் பயிற்சிதான் சீகோங். அதை நம்பாதவள் இல்லை நான். அதில் ஊறியவள். அதனால்தான் கோபம் வருகிறது.

நான் தொடங்கியது தேக்குவாண்டோவில். மலேசியாவில் என் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் தற்காப்புக் கலை என்றால் அதுவோ கராத்தேயோதான். கறுப்பு பெல்ட் வாங்கினேன், போட்டிகளுக்குப் போனேன், எவ்வளவு உயரம் உதைக்க முடியும் என்பதுதான் அப்போது எனக்கு எல்லாம். நாற்பதை நெருங்கும்போது வலது முழங்கால் படி இறங்கும்போதெல்லாம் குத்த ஆரம்பித்தது. காலை நடைக்கு ஈப்போ டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்குப் போவேன். அங்கே தைச்சி என்ற மெதுவான சீனத் தற்காப்புக் கலையைச் செய்துகொண்டிருந்த சீனப் பெரியவர்களோடு ஒரு நாள் ஓரமாகப் போய் நின்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவர்களுடைய சிஃபூவுக்கு, அதாவது ஆசானுக்கு, எழுபது தாண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த கந்தோனீஸ் சந்தையில் விலை கேட்கத்தான் உதவும். அதனால் பாடம் மலாயில் நடந்தது. அசைவு எதையும் அவர் சொல்லித் தரவில்லை, நிற்கச் சொன்னார். கால்கள் தோளகலம், முழங்கால் லேசாக மடங்கி, கைகள் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி. ஜான் ஜுவாங் என்பார்கள். வாங் ஷியாங்ட்ஸாய் என்ற சீன ஆசான் 1920களில் யீச்சுவான் என்ற கலையை உருவாக்கியபோது, தொகுத்து வைத்த அசைவுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இந்த நிலையைத்தான் அடித்தளமாக வைத்தார்.

முதலில் தொடை நடுங்கும். பிறகு தோள்பட்டை எரியும். சிஃபூ பின்னால் வந்து, இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் இரண்டு விரலை வைத்து, "டூருன்" என்பார். இறங்கு என்று அர்த்தம். விரல் பட்ட இடம் தளர்ந்து, வால் எலும்பு கீழ்நோக்கித் தொங்கும். உடனே தோளில் இருந்த பாரம் தொடைக்குப் போய், பிறகு பாதத்துக்குப் போகும். இதை நான் நூறு பக்கம் எழுதினாலும் உங்களுக்குப் புரியாது, ஒரு தடவை அந்த இரண்டு விரல் படவேண்டும். கொஞ்ச காலம் போனபின் உள்ளங்கை சூடாகி விரல்நுனிகள் கிறுகிறுத்தன. "இதுதான் சீயா சிஃபூ?" என்று ஆவலோடு கேட்டேன். கையைத் தாழ்த்தாதே என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

தேவையில்லாத இறுக்கம் விலகும்போது ரத்த ஓட்டம் மாறுகிறது, மூச்சு அடிவயிறு வரை இறங்குகிறது என்று உடலியல் படித்தவர் சொல்வார். சிஃபூ சீ என்பார். இருவர் பேச்சுக்கும் என் உடம்பில் இடம் இருக்கிறது. அந்தச் சூட்டைப் பையில் போட்டு விற்கிறவனுக்குத்தான் இடமில்லை.

நின்று பழகியது எதற்கு என்பது கை தள்ளும் பயிற்சியில் தெரிந்தது. எதிரெதிரே நின்று முன்கையோடு முன்கை ஒட்டிவைத்து ஒருவர் சமநிலையை மற்றவர் குலைக்கவேண்டும். தேக்குவாண்டோ பழக்கத்தில் நான் பலமாகத் தள்ளுவேன். "ஜாங்ஙான் குவாட்-குவாட்" என்பார் சிஃபூ, இவ்வளவு பலம் வேண்டாமாம். தள்ளிய இடத்தில் அவர் இருக்கமாட்டார். அடுத்த நொடி என் குதிகால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பியிருக்கும். மாயம் எதுவும் இல்லை. என் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவர் கைக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த வழி நம் ஊருக்கு வந்ததில் ஹுவாங் ஷிங்ஷியானுக்குப் பெரிய பங்கு உண்டு. தைச்சி ஆசான் ஜெங் மான்சிங்கின் மாணவர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்குக் கற்றுத்தந்தவர். 1970இல் கூச்சிங்கில் லியாவ் என்ற மல்யுத்த வீரரோடு மோதி 26-0 என்று வென்றபோது அவருக்கு வயது அறுபது. நன்கொடைக்காக நடத்தப்பட்ட போட்டி அது. காணொளியைத் தேடிப் பாருங்கள், தொடாமல் யாரையும் அவர் வீழ்த்தவில்லை. பிடித்து, வாங்கி, சாய்க்கிறார்.

இன்னொரு காணொளியும் பார்க்கவேண்டும். 2017இல் செங்டுவில், தைச்சி ஆசான் என்று சொல்லிக்கொண்ட வெய் லெய்யை ஷூ ஷியாவ்டோங் என்ற நவீனச் சண்டைப் பயிற்சியாளர் அரை நிமிடம்கூட ஆகாமல் தரையில் போட்டு அடித்தார். எங்கள் பூங்காவில் சிலருக்கு அது அவமானமாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. எதிர்க்கிற ஆளோடு பழகாமல் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு சக்தி பேசினால் அதுதான் நடக்கும். கலையைக் காப்பாற்ற அப்படி ஒருவர் வந்தாகவேண்டியிருந்தது.

நம்மவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். நான் தைச்சி கற்கிறேன் என்றதும், "அதெல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்ததுதானே" என்று முடித்துவிடுகிறார்கள். போதிதர்மரைப் பற்றிய பழைய குறிப்புகளில் ஒன்று 547ஆம் ஆண்டு வாக்கில் யாங் ஷுவான்சி எழுதியது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. தன்லின் எழுதிய குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் சண்டைக் கலை பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் பெயரைப் பயிற்சியோடு சேர்த்த யீஜின்ஜிங் நூல் 1624இல் எழுதப்பட்டது என்றும், அதிலுள்ள பழைய முன்னுரை போலி என்றும் சீன வரலாற்றறிஞர் டாங் ஹாவ் கண்டுசொன்னார். தைச்சி வளர்ந்தது ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்தில், பதினேழாம் நூற்றாண்டிலிருந்து. அங்கே கற்ற யாங் லூச்சான் அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். நமக்குச் சிலம்பம் இருக்கிறது, வர்மம் இருக்கிறது. பெருமைக்கு அதுவே போதும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவருக்கு ஒரு காலை வணக்கம் சொல்லாமல், அவர் பாட்டன் சொத்தை நம் முப்பாட்டன் கணக்கில் எழுதுவது எனக்கு வலிக்கிறது. விளம்பரக்காரரும் இவர்களும் தவிர்ப்பது ஒன்றைத்தான். நிற்கமாட்டார்கள்.

நோய் குணமாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். என் அப்பாவுக்குப் பார்க்கின்சன். 2012இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில், அமெரிக்காவின் ஓரிகனில் பார்க்கின்சன் உள்ள 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வாரம் இரண்டு முறை, 24 வாரம் பயிற்சி. தைச்சி செய்தவர்களுக்குச் சமநிலை மற்ற இரு குழுக்களையும்விட நன்றாகத் தேறியது. வெறும் தசைநீட்டல் செய்தவர்களைவிட அவர்கள் விழுவதும் குறைந்தது. நோய் போய்விட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் விழாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்கின்சன் உள்ளவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

2003இல் சீன அரசின் விளையாட்டுத் துறை சீகோங் தொகுப்புகள் நான்கை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. அதில் ஒன்றான பாதுவான்ஜின்னை அப்பாவுக்கு நாற்காலியில் உட்காரவைத்தே செய்யவைக்கிறேன். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறுவதில்லை. மூன்றாவது அசைவில் ஒரு கை மேலே போகும், மறு கை கீழே அழுத்தும். அப்பாவுக்குப் பிடித்தது அதுதான். எழுந்து நின்றே செய்யட்டுமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.