தேக்குக்குத் தேக்குச் சட்டை

தேக்குத் தூணின் மேல் தேக்குப் படம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருக்கிறார்கள். இன்னொரு முறை எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும் போலிருக்கிறது: தாத்தா காலத்திலிருந்து எங்கள் முன்கூடத்தில் நிற்கும் அசல் பர்மாத் தேக்குத் தூணின் மேல், அதுவும் ரங்கூனில் வைத்து, தேக்கு மாதிரித் தெரியும் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று டிசைனர் கையில் சாவியைக் கொடுத்த எவருக்கும் இதற்கு மேல் முன்கதை தேவைப்படாது.

நேற்று மூன்று மணிக்குக் கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தூண் வழக்கத்துக்கு மாறாக மினுமினுத்தது. யாரோ எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் மகிழ்ந்தும் போனேன். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கிட்டப் போய்த் தொட்டேன், விரல் வழுக்கியது. சின்ன வயதில் ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னை நிறுத்தி உயரம் அளந்து அப்பா ஆணியால் கீறிய கோடுகளைத் தேடினேன், ஒன்றையும் காணவில்லை. இடுப்பு உயரத்தில் ஒரு கணு இருந்தது. அதற்கு இரண்டு சாண் மேலே அச்சுப் பிசகாமல் அதே கணு. அதற்கும் இரண்டு சாண் மேலே, சந்தேகமே வேண்டாம், அதே கணு. எந்தக் காட்டில் வளர்ந்த மரம் அளவுகோல் வைத்துக் கணு விடும் என்று கேட்டேன்.

டிசைனர் தம்பி எழுந்திருக்கவில்லை. அம்மா போட்டுக் கொடுத்த தேநீரை ஆற்றிக்கொண்டே, குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர் போல விளக்கினார்: “அக்கா, சுவரில் புதிதாக அடித்திருக்கும் தேக்கு நிறப் பலகையோடு இந்தத் தூண் சேரவில்லை. பழைய மரம், கறுத்துப்போய்விட்டது. அதனால் தூணையும் தேக்கு மாதிரி ஆக்கிவிட்டோம்.”

தேக்கைத் தேக்கு மாதிரி ஆக்கிவிட்டார்களாம். சுவரில் இருக்கும் அந்தப் பலகை மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்தி, மேலே படத்தாள் போர்த்தியது. அதனோடு ஒத்துப்போகவில்லை என்பதுதான் தூண் செய்த குற்றம். உருட்டு மரமாக வெளிநாட்டுக்குப் போகக் கூடாது என்று 2014 ஏப்ரலில் அரசே தடை போட்ட மரம் இது என்றேன். 1850-ஐ ஒட்டி அமரபுரத்தில் ஏரிக்குக் குறுக்கே ஏறத்தாழ 1.2 கிலோமீட்டருக்குக் கட்டிய ஊ பெயின் பாலம் இந்த மரத்தில்தான் இன்றைக்கும் ஆட்களைச் சுமக்கிறது என்றேன். அனைத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்ன பதில் ஒரே சொல்: காண்ட்ராஸ்ட்.

இந்தச் சொல்லை மூன்று மாதமாகச் சாப்பாட்டுக்கு உப்புப் போலக் கேட்டு வருகிறேன். கரடுமுரடான கல்லுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் சறுக்கும் டைல்ஸ் பதித்ததும் காண்ட்ராஸ்ட்தான். சிமெண்டுச் சுவரைப் பட்டி பார்த்து, வழவழப்பாக்கி, பிறகு அது சிமெண்டு போலத் தெரிவதற்கென்று தனியாகக் கூலி வாங்கி ஒரு பெயிண்ட் அடித்தார்களே, அதுவும் அதுதான்.

பொருளோடு பொருள் சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் இங்கிருந்து கப்பலேறிய தேக்கும், இத்தாலியப் பளிங்கும், ஆத்தங்குடித் தரைக்கல்லும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவரும் ஒரே வீட்டுக்குள் சண்டையில்லாமல் இருக்கின்றன. அங்கே மரத்தூண் தரையைத் தொடாது, கல்பீடத்தின் மேல் நிற்கும். தரையைக் கழுவிவிட்டால் ஈரம் கல்லோடு நின்றுவிடும். மரம் எங்கே முடிய வேண்டும், கல் எங்கே தொடங்க வேண்டும் என்று அந்தக் கொத்தனாரும் தச்சரும் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு முகப்பில் அப்படி யாரும் பேசிக்கொள்ளவில்லை. கீழே கல், மேலே மரப்பலகை, இரண்டுக்கும் நடுவே மூன்று மீட்டர் நீள அலுமினியப் பட்டை. இரு முனையையும் மயிரிழை இடைவெளியில்லாமல் முட்டவைத்து முடுக்கியிருந்தார்கள். வெயிலில் முப்பது டிகிரி சூடு ஏறினால் அந்த நீளத்து அலுமினியம் இரண்டு மில்லிமீட்டர் நீளும், கல்லும் சிமெண்டும் அதில் பாதிதான் நீளும் என்பது பட்டறையில் வேலை பார்க்கும் சிறுவனுக்கும் தெரியும். ஏப்ரல் வெயிலில் பட்டை வில்லாக வளைந்து திருகாணியைப் பிடுங்கியது. ஜூன் மழை அந்த வழியாக மரியாதையோடு உள்ளே வந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டால் தச்சர் வேலை என்றார், தச்சர் அலுமினியக்காரரைக் காட்டினார், அலுமினியக்காரர் கல் கோணலாக இருப்பதாகக் கொத்தனாரிடமே திருப்பி அனுப்பினார். ஆனால் வந்த ஒவ்வொருவரும் போகும்போது அந்தச் சந்தில் ஆளுக்கொரு குழாய் சிலிக்கானைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்: வெள்ளை, சாம்பல், பழுப்பு. இதையும் காண்ட்ராஸ்ட் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து நான் தம்பியிடம் காட்டவேயில்லை.

நேற்றிரவு இரண்டு மணி இருக்கும், மின்சாரம் இல்லை, மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்கூடத்தில் சர்ரென்று ஒரு சத்தம். திருடன் என்று அம்மா கத்த, நான் டார்ச்சும் துடைப்பமுமாக ஓடினேன். தூண் தன் சட்டையைத் தானே கழற்றிப்போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தது. தேக்கு தன் உடம்பிலேயே எண்ணெய் வைத்திருக்கிற மரம். இழைத்து, அசிட்டோன் கொண்டு துடைத்து, துடைத்த கையோடு ஒட்டினாலொழிய எந்தப் பசையும் அதில் சரியாகப் பிடிக்காது. அதற்கு மேல் அறுபது வருடமாக என் பாட்டியும் அம்மாவும் தேய்த்த தேங்காயெண்ணெய் வேறு. டார்ச் வெளிச்சத்தில் அப்பா கீறிய கோடுகள் எல்லாம் அந்தந்த உயரத்தில் இருந்தன. அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அவரைப் பார்த்து எனக்கும் வந்தது, அந்த இருட்டில் நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

காலையில் செய்தி சொன்னதற்கு, இந்த முறை நாலு பக்கமும் ஆணி அடித்துவிடலாம் அக்கா என்றார் தம்பி. தாளை அம்மா மடித்து, முகப்பிலிருந்து ஒழுகும் இடத்தில் வாளிக்கு அடியில் விரித்திருக்கிறார். தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்று தம்பி சொன்னது மட்டும் உண்மைதான்.